ஆபரேஷனுக்கு முன் அம்மாவுக்கு ஒரு வீடியோ

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீடியோ பிளேயரில் முதலில் பார்ப்பது பெரும்பாலும் சினிமாப் பாடல்கள்தான். அதே பிளேயர் ஒரு தாயின் பயத்தையும் குறைக்கும் என்பதை என் அக்கா வீட்டில் கண்டேன்.

அக்கா மகனுக்கு ஆறு வயது. இதயத்தின் கீழ் அறைகள் இரண்டிற்கும் நடுவில் உள்ள சுவரில் ஓட்டை. ஆபரேஷன் செய்து மூட வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். அன்றிரவு அக்கா இன்டர்நெட்டில் அந்த நோயின் பெயரைத் தேடினார். வந்ததோ, டாக்டர்களின் படிப்புக்காக எடுத்த ஆபரேஷன் காட்சி. இரண்டு நிமிடம்தான் பார்த்தார். "எனக்கு ஆபரேஷனே வேண்டாம்டா" என்று அழ ஆரம்பித்துவிட்டார். இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

மருத்துவமனையில் விஷயத்தைச் சொன்னோம். அங்கிருந்த சிஸ்டர், தாய்மார்களுக்கென்றே தயாரித்த பத்து நிமிட வீடியோ ஒன்றை என் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அதில் ரத்தமும் இல்லை, கத்தியும் இல்லை. டாக்டர் பார்க்கும் காட்சி வேறு. தாய் பார்க்கப் போகும் காட்சி வேறு அல்லவா? ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை யார் உடன் வரலாம், ஐ.சி.யு.வில் குழந்தை எப்படிப் படுத்திருக்கும், ஒவ்வொரு குழாயும் எதற்கு என்பதை மட்டும் காட்டியிருந்தார்கள்.

ஆபரேஷன் நடக்கும்போது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றும் விளக்கம் இருந்தது. இது புதிய முறை அல்ல. அமெரிக்காவில் 1953-ம் ஆண்டு மே 6-ம் தேதி டாக்டர் ஜான் கிப்பன் இத்தகைய மெஷினின் உதவியுடன் ஓர் இளம் பெண்ணின் இதய ஓட்டையை மூடினார்.

இத்தகைய வீடியோ கிடைத்தால் இப்படிப் பயன்படுத்துங்கள்.

1. டெஸ்க்டாப்பில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்கி, பைலை அதில் காப்பி செய்திடுங்கள். இன்டர்நெட் தேவையில்லை. வேண்டாத வீடியோ எதுவும் அடுத்து வந்து நிற்காது.

2. வி.எல்.சி. பிளேயரில் திறந்திடுங்கள். இது இலவசம். சந்தேகம் வரும் இடத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் படம் நிற்கும். மீண்டும் தட்டினால் ஓடும்.

3. பேச்சு வேகமாகத் தோன்றினால் பிளேபேக் மெனுவில் ஸ்பீட் பிரிவு சென்று ஸ்லோயர் என்பதைக் கிளிக் செய்திடுங்கள்.

4. நோட்பேடைத் திறந்து, சந்தேகம் வந்த நிமிடத்தையும் கேள்வியையும் டைப் செய்திடுங்கள். அதை பிரின்ட் எடுத்து டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள்.

அக்கா மூன்று முறை பார்த்தார். ஒன்பது கேள்விகள் சேர்ந்தன. முதல் கேள்வி, "கண் விழித்ததும் அம்மான்னு கூப்பிடுவானா?" டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். மூச்சுக்கான குழாய் குரல் நாண்கள் வழியே செல்வதால், அது இருக்கும் வரை பேச முடியாது; தானாக நன்றாக மூச்சு விடத் தொடங்கியதும் எடுத்துவிடுவார்கள் என்றார்.

ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யு.வுக்குள் சென்றபோது, பையனைச் சுற்றி ஒயர்களும் குழாய்களும். நான்தான் தடுமாறினேன். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மார்பில் இருக்கிறது நீர் வடியுற குழாய்டா, பயப்படாதே" என்று எனக்குத் தைரியம் சொன்னார்!

ஒரு எச்சரிக்கை. வீடியோ பொதுவானது; உங்கள் குழந்தையின் நிலை தனியானது. எப்போது சாப்பாட்டை நிறுத்துவது, எந்த மருந்து கொடுப்பது என்பதை உங்கள் மருத்துவமனை சொல்வதை வைத்தே முடிவு செய்திடுங்கள். பார்க்க விருப்பமில்லாத தாயை வற்புறுத்தவும் வேண்டாம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு ஆபரேஷன் என்றால், இன்டர்நெட்டில் தேடும் முன் மருத்துவமனையில் கேளுங்கள்: "அம்மாக்களுக்கான வீடியோ ஏதும் இருக்கிறதா?" மற்ற வேலையை உங்கள் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.