ஊர்க் குப்பையில் எரியும் விளக்கு

2011 செப்டம்பர் 8, வியாழக்கிழமை. பிற்பகல் மூன்றரை மணிக்குச் சற்றுப் பின், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் மின்சாரம் நின்றது. நான் அப்போது அங்கே பொறியியல் முதுகலை மாணவன். மின்வெட்டோடு வளர்ந்தவன் ஆதலால், அறைத்தோழர்கள் பதறியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மெழுகுவத்தி இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. அரிசோனாவின் ஒரு துணைமின் நிலையத்தில் நேர்ந்த தவறால் 500 கிலோவோல்ட் மின்தடம் ஒன்று துண்டிக்கப்பட, 11 நிமிடங்களில் சுமார் 27 லட்சம் இணைப்புகள் இருண்டன. கழிவுநீரை மேடேற்றும் பம்புகள் நின்று, சாக்கடை நீர் உப்பங்கழியில் கலந்தது. கடற்கரைகளை மூடினார்கள். சில பகுதிகளில் குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் படித்திருந்த எனக்கு, மூன்றும் ஒரே கயிற்றில் தொங்குவது அன்றுதான் உறைத்தது.

நகரின் வடபகுதியில் மிராமர் இருக்கிறது. 'டாப் கன்' படத்தால் புகழ்பெற்ற போர்விமானப் பயிற்சிப் பள்ளி முன்பு இருந்த இடம். இப்போது மரைன் படையின் விமானத்தளம். வேலிக்கு வெளியே மின்கம்பி அறுந்தால் உள்ளே விமானம் கிளம்பாது. படைத்தளங்களைச் சிக்கனம் பக்கம் தள்ளியதில் பசுமை ஆர்வத்தைவிட இந்த அச்சத்துக்கே பங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தளத்தின் நிலத்திலேயே நகரத்தின் குப்பைக்கிடங்கு இருக்கிறது. புதைத்த குப்பை காற்றில்லாமல் மக்கும்போது மீத்தேன் உருவாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. அதைக் குழாய்க் கிணறுகளால் உறிஞ்சி, எந்திரங்களில் எரித்து, 2012 முதல் சுமார் 3 மெகாவாட் மின்சாரம் தளத்துக்குத் தருகிறார்கள்.

ஆனால் உற்பத்தி மட்டும் இருந்தால் விளக்கு எரியாது. வீட்டுக்கூரைச் சூரியத்தகடுகள்கூடப் பொதுவாக மின்தடையின்போது தாமாகவே நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிர்காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். தடையிலும் தொடர வேண்டுமானால் வெளித்தொடர்பைத் துண்டித்துக்கொண்டு, உற்பத்தியையும் தேவையையும் நொடிக்கு நொடி சமன்செய்ய வேண்டும். அதைச் செய்யும் குறுமின்வலை 2021-இல் மிராமரில் முழுமை பெற்றது. குப்பை வாயு, சூரியஒளி, மின்கலங்கள், டீசல் மற்றும் இயற்கை எரிவாயு ஜெனரேட்டர்கள் அதில் அடக்கம். 2022-ஆம் ஆண்டு வெப்ப அலையின்போது தளம் தன் மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்து, நகரின் பாரத்தைக் குறைத்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. மக்கும் குப்பையைப் பிரித்து உரமாக்கும்போது வாயு குறையும். தண்ணீரோ இன்னும் வெளியிலிருந்துதான் வருகிறது. சான் டியேகோ வட்டாரத்தின் நீரில் பெரும்பகுதி கொலராடோ ஆற்றினுடையது. பல நூறு கிலோமீட்டர் தாண்டி, பம்புகளின் தயவில் வரும் நீர் அது. வேலிக்குள் தன்னிறைவு என்பது அந்த அளவில்தான்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தக் குறுமின்வலையின் கட்டுப்பாட்டு முறையில் புதிராக எதுவும் தெரியவில்லை. தளத்துக்கு ஒரே தலைமை, ஒரே பட்ஜெட். ஊருக்கு அப்படி இல்லை, அவ்வளவுதான். ஊர்க் குப்பை ஓடுபாதைக்கு விளக்கேற்ற முடியுமானால், ஊரின் சாக்கடைப் பம்புக்கும் மருத்துவமனைக்கும் அப்படி ஒரு ஏற்பாட்டை நாம் கேட்கலாம். அன்று சிரித்தவன் என்ற முறையில், முதலில் கேட்க வேண்டியவன் நான்தான்.