தேர்வு பயம்: பிள்ளைகளின் மனதில் நடப்பது என்ன?

 

பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களில் எங்களிடம் வரும் பெற்றோர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறார்கள்: "வீட்டில் கேட்டால் கடகடவென்று சொல்கிறான். பரீட்சையில் எல்லாம் மறந்துவிட்டது என்கிறான்." இது சாக்குப்போக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்குக் காரணம் இருக்கிறது.

பயம் மறதியாவது எப்படி?

ஆபத்து வருவதாக மூளை கருதினால் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு கலக்கும். பாம்பைக் கண்டால் ஓட உதவும் அதே ஏற்பாடு வினாத்தாளைக் கண்டாலும் வேலை செய்கிறது. ஓரளவு படபடப்பு நல்லதுதான். அதுவே படிக்கத் தூண்டுகிறது. அளவு மீறினால்தான் சிக்கல்.

1967-இல் லீபர்ட், மோரிஸ் என்ற உளவியலாளர்கள் தேர்வு பயத்தை உடலின் படபடப்பு, மனதின் கவலை என இரண்டாகப் பிரித்தார்கள். மதிப்பெண்ணை அதிகம் பாதிப்பது கவலையே என்று பிந்தைய ஆய்வுகளும் காட்டின. ஒரு கணக்கைப் போடும்போது எண்களை மனதில் பிடித்து வைக்கும் இடம் மிகச் சிறியது. 'ஃபெயிலானால் வீட்டில் என்ன சொல்வார்கள்' என்ற நினைப்பு அதில் பாதியைப் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு இடமிருக்காது. படித்தது அழிந்துவிடவில்லை, எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். வெளியே வந்ததும் விடை ஞாபகம் வருவது இதனால்தான்.

கவலை எங்கிருந்து வருகிறது?

முதலாவது, ஒப்பீடு. மாநில அளவில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. நம் வீடுகளிலும் கல்யாணப் பந்திகளிலும் அது இன்னும் நிற்கவில்லை. 'அவன் எவ்வளவு, நீ எவ்வளவு?' என்று கேட்டுக்கேட்டு, மதிப்பெண்தான் தன் மதிப்பு என்று பிள்ளை நம்பிவிடுகிறது.

இரண்டாவது, படிக்கும் முறை. ஒரே பக்கத்தைப் பலமுறை வாசித்தால் தெரிந்ததுபோல் தோன்றும். புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படி எழுதிப் பழகாதவருக்குத் தேர்வறையே முதல் சோதனையாகிவிடுகிறது.

மூன்றாவது, தனிமை. கல்வராயன் மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பல பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாகப் பொதுத்தேர்வு எழுதுபவர்கள். பெற்றோர் வேலை தேடி வெளியூர் போயிருந்தால் 'நானும் பயந்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. கள்ளக்குறிச்சி நகரத்தில் கூலி வேலைக்கும் கடைக்கும் போகிற நம் குடும்பங்களிலும் இதே நிலை உண்டு.

நான்காவது, தூக்கக் குறைவு. 2024, 2025 ஆண்டுகளில் பிளஸ் டூ தேர்வும் ரமழானும் மார்ச் மாதத்தில் சேர்ந்து வந்தன. தராவீஹ் முடிந்து நள்ளிரவு வரை படித்து, ஸஹருக்கு எழுந்தால் உறக்கம் எங்கே? தூங்கும்போதுதான் படித்தது மனதில் பதிகிறது. அந்த நாட்களில் பிள்ளையைச் சீக்கிரம் தூங்க வையுங்கள். ஸஹருக்குப் பின் படிக்கட்டும்.

என்ன செய்யலாம்?

மாணவர்களே, பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரம் வைத்து, வீட்டிலேயே எழுதிப் பாருங்கள். தேர்வறையில் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள். அப்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். தெரிந்த கேள்வியிலிருந்து தொடங்குங்கள். 2011-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், தேர்வுக்கு முன் 10 நிமிடம் தங்கள் கவலையைத் தாளில் எழுதிய மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். காசில்லாத மருந்து, வீட்டிலிருந்து கிளம்பும் முன் செய்து பாருங்கள்.

பெற்றோர்களே, தேர்வு முடிந்து வந்ததும் 'எத்தனை வரும்?' என்று கேட்காதீர்கள். 'சாப்பிட வா' என்று சொல்லுங்கள். துஆ செய்யுங்கள்; ஆனால் 'உனக்காக இவ்வளவு துஆ செய்தேனே' என்று அதையும் பாரமாக்காதீர்கள். தவறினால் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிள்ளை நாள்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தாலோ, 'நான் இருந்து என்ன' என்பதுபோல் பேசினாலோ திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். உடனே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

நம் அறக்கட்டளையின் கல்வி உதவி பெறும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மதிப்பெண் குறைந்தால் உதவி நின்றுவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறீர்கள். நிற்காது. துணைத் தேர்வுக் கட்டணமும் நாங்களே கட்டுகிறோம். அந்த ஒரு கவலையையாவது இறக்கி வைத்துவிட்டுத் தேர்வு எழுதப் போங்கள். வல்ல அல்லாஹ் உங்கள் உழைப்புக்கு நற்பலன் தருவானாக, ஆமீன்.