ஏவாமலே பணிசெய்யும் வீடு

கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையை மறித்து 1985இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா அணையில் எட்டு வான்கதவுகள் உண்டு. நீர் உச்ச மட்டத்தை எட்டியதும் அந்நீரின் அழுத்தமே கதவுகளைத் தள்ளித் திறக்கும். மட்டம் தாழ்ந்ததும் எதிர்நிறைகள் அவற்றை மூடிவிடும். மின்சாரமும் வேண்டுவதில்லை, ஆளும் வேண்டுவதில்லை. 122 மீற்றர் உயரமுள்ள அணையின் காவல், அணையிலேயே அமைந்திருக்கிறது. இன்று இல்லங்களில் புகுந்துவரும் தானியங்கி ஏற்பாடுகளை ஆராய்வோருக்கு அவ்வணை நல்லாசிரியன்.

தானியங்கி வீடு என்றதும், வாய்ச்சொல்லுக்கு எரியும் விளக்கையே பலரும் எண்ணுவர். அது வேடிக்கை, பயன் வேறிடத்தில் உள்ளது. ஹந்தானைச் சரிவு போன்ற மேட்டு நிலங்களில், கீழ்த்தாங்கியிற் சேர்ந்த நீரைப் பம்பியினால் கூரைத்தாங்கிக்கு ஏற்றும் வீடொன்றை எடுத்துக்கொள்ளலாம். கீழே நீரின்றிப் பம்பி ஓடினால் வெப்பமேறிப் பழுதாகும். நிறுத்த மறந்தால் மேலே நீர் வழிந்து வீணாகும். இரு தாங்கிகளிலும் நீர்மட்டத்தை அறியும் உணரிகள், பம்பிக்கு ரிலே என்னும் மின்காந்த ஆளி, இவற்றை இணைக்கும் சிறு கணினி: இவ்வளவே உறுப்புகள்.

மென்பொருளில் எழுதும் விதியும் எளியதே. மேல்தாங்கியில் நீர் கால்பங்கிற்குக் குறைந்தால், கீழ்த்தாங்கியில் போதிய நீர் இருப்பின், பம்பியை ஓட்டுக. பள்ளி மாணவனும் இதனை எழுதிவிடுவான். ஆனால், விதியிற் சொல்லாது விட்டவற்றிலேதான் இடர் ஒளிந்திருக்கிறது. உணரி பழுதாகிப் பொய் சொன்னால் என் செய்வது? ஆகவே, எது நேரினும் 40 நிமிடத்தில் நிறுத்துக என்பது போன்ற இரண்டாம் விதி வேண்டும். பம்பி ஓடுகையில் மின்சாரம் நின்று மீண்டால்? ஆளி நிறுத்திய நிலையிலேயே விழித்தெழ வேண்டும். கணினி இரு மட்டங்களையும் பார்த்த பின்னரே பம்பியை ஓட்ட வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் தீவு முழுவதும் இருண்டதாகச் சொல்லப்பட்டது; குரங்குக்கும் சேர்த்தே விதி எழுதவேண்டியிருக்கிறது!

இவ்விதிகள் எங்கே வைக்கப்படுகின்றன என்பதே தலையாய வினா. கடைகளில் விற்கும் கருவிகள் பலவற்றின் விதிகள், கடல்கடந்த நிறுவனத்தின் கணினியில் உறைகின்றன. இணையம் அறுந்தால் அவை செயலற்றுப் போகலாம். நிறுவனம் கைவிட்டால் மீட்சியே இல்லை. ரிவால்வ் என்னும் 299 டொலர்க் கருவி, அதன் உரிமையைப் பெற்ற நிறுவனம் 2016 மே மாதத்தில் சேவையை நிறுத்தியதும் வெறும் பெட்டியாயிற்று. மாறாக, பவுலஸ் ஸ்கவுட்சன் 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்னும் இலவச மென்பொருள், வீட்டிலுள்ள சிறு கணினியிலேயே இயங்கி, விதிகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும். அதனோடு இணைக்கும் கருவிகளும் இணையமின்றி இயங்குவனவா என்று கேட்டே வாங்குதல் வேண்டும்.

கணினி வந்ததென்று சுவரிலுள்ள ஆளியைக் கழற்றுவது பேதைமை. கைப்பேசியைக் கையாளத் தெரியாத பாட்டியாரும் நள்ளிரவில் விளக்கேற்ற வேண்டுமன்றோ? மேல்தாங்கியின் மிதவை ஆளியும் அப்படியே இருக்கட்டும். 230 வோல்ற்று ஓடும் கம்பிகளையோ பயிற்சி பெற்ற மின்பணியாளரே தொடவேண்டும். வீட்டார் திருத்தத்தக்கது விதி மட்டுமே.