ஓமன் சுண்ணாம்புக்கல்லில் ஒரு கார்பன் புதிர்

ஓமன் நாட்டின் ஜபல் அக்தர் மலைகளிலும் ஹுக்ஃப் பாலைநிலத்திலும் வெளித்தெரியும் ஷுராம் பாறைத்தொகுதி, செந்நிற வண்டற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் மாறி மாறிப் படிந்த, பல நூறு மீட்டர் கனமுள்ள கடற்படிவாகும். கேம்பிரியன் காலத்துக்கு முன், இற்றைக்கு ஏறத்தாழ 57 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தக் கல்லில்தான் புவி வரலாற்றில் இதுவரை அறியப்பட்ட மிக ஆழமான கார்பன் சரிவு பதிவாகியுள்ளது.

இயற்கையிலுள்ள கார்பன் அணுக்களில் நூற்றுக்கு 99 அளவில் கார்பன்-12. எஞ்சியது ஒரு நியூட்ரான் கூடுதலாகப் பெற்றுச் சற்றே கனமான கார்பன்-13. இவ்விரு ஐசோடோப்புகளும் சிதைவதில்லை என்பதால், கடல்நீரில் அவை கலந்திருந்த விகிதம் அந்நீரிலிருந்து படிந்த சுண்ணாம்புக்கல்லில் தங்கிவிடுகிறது. கல்லைத் துளையிட்டு எடுத்த சிறிதளவு பொடியைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் கார்பன் டைஆக்சைடை நிறைநிறமாலைமானியில் செலுத்தி அந்த விகிதத்தை அளக்கிறார்கள். தென் கரோலினாவின் பீ டீ படிவுகளில் கிடைத்த பெலெம்னைட் புதைபடிவத்தை அடிப்படையாகக் கொண்ட நியமத்திலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகுகிறது என்பதே முடிவாகத் தரப்படும் எண்.

எரிமலை வாயுக்களின் வழியாகப் புவியின் உட்பகுதியிலிருந்து வரும் கார்பனின் மதிப்பு −5 அளவில் இருக்கிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் இலேசான கார்பன்-12-ஐயே விரும்பி எடுத்துக்கொள்வதால் அவற்றின் உடற்பொருள் −25-ஐ ஒட்டி அமைகிறது. அப்பொருளில் ஒரு பகுதி சேற்றில் புதையும்போது கடல்நீரில் எஞ்சும் கார்பன் கனமாகி, சாதாரணச் சுண்ணாம்புக்கல் பூச்சியத்தை ஒட்டிய மதிப்பைக் காட்டுகிறது. உயிர்ப்பொருள் புதைவது அடியோடு நின்றுபோனாலும் கடல் −5-க்குக் கீழே இறங்க வழியில்லை. ஷுராம் கல்லோ −12 வரை இறங்கியிருக்கிறது. புதிரின் மையம் இதுவே.

2003-இல் ஆய்வாளர் டேனியல் ராத்மனும் அவருடைய சகாக்களும், அக்காலக் கடலில் கரைந்த கரிமப்பொருள் மாபெரும் அளவில் தேங்கியிருந்தது என்று கருதினார்கள். அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் இலேசான கார்பன் திடீரெனக் கடல்நீரில் கலந்து மதிப்பைக் கீழே இழுக்கும். இதை மறுத்தவர்கள், படிந்து நெடுங்காலம் கழித்துக் கல்லில் ஊடுருவிய நீரே அதன் வேதியியலை மாற்றியது என்றும், ஆக்சிஜன் ஐசோடோப்புகளும் கார்பனோடு சேர்ந்தே சரிவது அதற்குச் சான்று என்றும் வாதிட்டார்கள். இந்த எதிர்ப்பு எளிதாகத் தள்ளத்தக்கதன்று. பழம்பாறைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் மாற்றம் கண்டவையே.

இவ்விவாதத்தில் மிகத் தெளிவான சான்று தென் ஆஸ்திரேலியாவின் வொனோகா பாறைத்தொகுதியிலிருந்து கிடைத்தது எனலாம். இதே சரிவைக் காட்டும் அந்தச் சுண்ணாம்புக்கல்லின் துண்டுகள், பண்டைய பள்ளத்தாக்குகளை நிரப்பிய படிவுகளில் உடைந்து கலந்து கிடக்கின்றன. பிற்கால நீர்தான் கல்லை மாற்றியது என்றால், அருகருகே கிடக்கும் துண்டுகள் ஒரே மதிப்பை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். அளந்து பார்த்தபோதோ ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு மதிப்பைத் தாங்கியிருந்தது. ஆகவே உடைந்து உருள்வதற்கு முன்பே அவை அந்த மதிப்பைப் பெற்றிருந்தன. ரீனியம்–ஆஸ்மியம் காலக்கணிப்பு, ஓமனிலும் வடமேற்குக் கனடாவிலும் இச்சரிவு ஏறத்தாழ 57.4 கோடி முதல் 56.7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒருசேர நிகழ்ந்ததாகக் காட்டுவதும், கடலே மாறியது என்னும் தரப்பை வலுவாக்குகிறது.

அப்படியானால் அவ்வளவு கரிமப்பொருளை ஆக்சிஜனேற்றம் செய்ய எது உதவியது என்பதற்கும் விடை வேண்டும். அன்றைய வளிமண்டலத்தின் ஆக்சிஜன் அதற்குப் போதாது என்பது நெடுநாள் ஆட்சேபம். நிலத்தில் கிடந்த ஜிப்சப் படிவுகள் கரைந்து சல்பேட்டாகக் கடலை அடைய, நுண்ணுயிர்கள் அதைக் கொண்டு கரிமப்பொருளைச் சிதைத்து, கந்தகத்தைப் பைரைட் கனிமமாகச் சேற்றில் விட்டன என்பது 2019-இல் முன்வைக்கப்பட்ட விளக்கம். இதைச் சோதிக்க அதே பாறைகளின் கந்தக ஐசோடோப்புகளையும் கார்பனோடு சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது.