மைனஸ் 30 டிகிரியில் ஓர் ஆந்தைக்காகக் காத்திருக்கும் கூட்டம்: சாக்ஸ்-ஜிம் சதுப்புநிலத்தில் அப்படி என்ன இருக்கு?

ஜனவரி மாதம். இன்னும் சரியாக விடியவில்லை. வெளியே மைனஸ் 30 டிகிரி. பனி மூடிய சாலை ஓரத்தில் ஏழெட்டு கார்கள் நிற்கின்றன. இறங்குபவர்கள் கதவைக்கூட சத்தமில்லாமல்தான் சாத்துகிறார்கள். எல்லோருடைய பைனாகுலரும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு மரத்தின் உச்சியில், மரக்கட்டை மாதிரியே அசையாமல் உட்கார்ந்திருக்கிறது 'கிரேட் கிரே ஆவுல்' எனும் பெரிய சாம்பல் ஆந்தை.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் சாக்ஸ்-ஜிம் சதுப்புநிலத்தின் குளிர்காலக் காலை இப்படித்தான் தொடங்கும்.

எங்கே இருக்கிறது?

டுலூத் நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார் பயணம். சாக்ஸ், ஜிம் என்ற இரண்டு சின்ன ஊர்களின் பெயரைச் சேர்த்து வந்த பெயர் இது. பரப்பளவு சுமார் 300 சதுர மைல். ஸ்ப்ரூஸ், டாமராக் மரங்களும் பாசி மண்டிய சதுப்பும் நடுநடுவே வைக்கோல் வயல்களும் கலந்த இடம். குளிர் எந்த அளவுக்குப் போகும்? இதே செயின்ட் லூயிஸ் மாவட்டத்தில் உள்ள டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 51 டிகிரி பதிவானது. மாநிலத்தின் சாதனை அது.

குளிரில் பறவைகள் தெற்கே போகாதா?

போகும். ஆனா, கனடாவின் வடக்குக் காடுகளில் வாழும் சில பறவைகளுக்கு இந்தச் சதுப்புநிலமே 'தெற்கு'தான்! பெரிய சாம்பல் ஆந்தை, பகலில் வேட்டையாடும் ஹாக் ஆவுல், சிவந்த பைன் குரோஸ்பீக், மஞ்சள் நிற ஈவ்னிங் குரோஸ்பீக் போன்றவற்றை இங்கே குளிர்காலத்தில் பார்க்க முடியும்.

ஆனால் எல்லா வருடமும் ஒரே எண்ணிக்கையில் வராது. ஆந்தைகளின் முக்கிய உணவு, 'வோல்' எனப்படும் குட்டைவால் எலி. சில வருடங்களுக்கு ஒருமுறை வடக்கில் இந்த எலிகளின் எண்ணிக்கை சரியும்போது, பசியோடு ஆந்தைகள் கூட்டமாகத் தெற்கே இறங்கும். 2004-05 குளிர்காலத்தில் மினசோட்டாவில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட பெரிய சாம்பல் ஆந்தைகள் பதிவாயின. பறவை ஆர்வலர்களுக்கு அது திருவிழா. ஆந்தைகளுக்கோ பஞ்ச காலம். சாலையோரம் எலி தேடி வந்ததில் பல ஆந்தைகள் வாகனங்களில் அடிபட்டு இறந்தன.

பனிக்கு அடியில் இருக்கும் எலியை எப்படிப் பிடிக்கிறது?

காதால்தான். பார்ப்பதற்குப் பிரம்மாண்டமாக இருக்கும் இந்த ஆந்தையின் எடை சராசரியாக ஒரு கிலோ சுற்றித்தான், மீதியெல்லாம் இறகு. வட்ட வடிவ முகம் ஒரு டிஷ் ஆன்டெனா மாதிரி ஒலியைக் குவித்துக் காதுக்கு அனுப்புகிறது. அரை மீட்டர் பனிக்குக் கீழே ஓடும் எலியின் சத்தம்கூட அதற்குக் கேட்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் போட்ட குச்சி வளைந்து தெரிவது போல, பனியைக் கடக்கும் ஒலியும் வளைகிறது. அதனால் எலி இருக்கும் இடம் தவறாகத் தோன்றும். கனடாவின் மானிடோபாவில் நடத்தி 2022-ல் வெளியான ஆய்வு இதற்கான விடையைச் சொன்னது: ஆந்தை நேராகப் பாய்வதில்லை. எலிக்கு நேர் மேலே வந்து, அந்தரத்தில் சிறகடித்து நின்று, பிறகுதான் செங்குத்தாக விழுகிறது. நேர் மேலிருந்து கேட்டால் ஒலி வளைவதால் வரும் பிழை மிகக் குறைவு.

சின்னப் பறவைகள் எப்படித் தாங்குகின்றன?

11 கிராம் எடையுள்ள கருந்தலை சிக்கடீ, இரவில் தன் உடல் வெப்பத்தைச் சுமார் 10 டிகிரி வரை குறைத்துக்கொண்டு சக்தியை மிச்சப்படுத்தும். கனடா ஜே என்ற பறவை இன்னும் கில்லாடி. தன் பசை போன்ற எச்சிலால் உணவை உருட்டி, மரப்பட்டை இடுக்குகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒட்டி வைக்கும். குளிர்தான் அதற்கு ஃபிரிட்ஜ்.

அந்த ஃபிரிட்ஜ்தான் இப்போது பழுதாகிறது. இலையுதிர் காலம் சூடாகும்போது சேமித்த உணவு கெட்டுப்போகிறது. கனடாவின் அல்கோன்குயின் பூங்காவில் இந்தப் பறவையின் எண்ணிக்கை சரிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஈவ்னிங் குரோஸ்பீக் நிலைமையும் கவலைக்கிடம்தான்: 1970-க்குப் பிறகு அதன் எண்ணிக்கை 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது.

ஒரு போட்டோவால் என்ன ஆகிவிடும்?

நிறைய ஆகும். ஆந்தை உட்கார்ந்திருக்கும் இடத்தை ஒருவர் சமூக ஊடகத்தில் போட்டால், சில மணி நேரத்தில் அங்கே கூட்டம் சேரும். பாயும் போஸில் படம் வேண்டும் என்று கடையில் வாங்கிய எலியைப் பனியில் விடுபவர்களும் உண்டு. இதனால் ஆந்தை மனிதர்களோடும் சாலையோடும் உணவைச் சேர்த்துப் பழகிவிடும் என்பதுதான் எதிர்ப்பவர்களின் வாதம். சாலைக்குப் பழகிய ஆந்தைக்கு என்ன நடக்கும் என்பதை 2004-05 ஏற்கெனவே காட்டிவிட்டது. பறவைப் பதிவுத் தளமான இபேர்டும் ஆபத்தில் உள்ள சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டுவதில்லை.

அங்கே போகிறவர்களுக்குச் சொல்லப்படும் பாடம் எளிமையானது. ஆந்தையின் பார்வை பனித்தரையில் இருந்தால், அது வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப உங்களையே பார்த்தால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அந்தக் குளிரில் தவறிப்போகும் ஒரு எலிகூட அதற்குப் பெரிய இழப்பு. நாலு அடி பின்னால் வந்துவிட்டால், போட்டோ கொஞ்சம் சின்னதாக விழும். அவ்வளவுதான்.