குரங்குக்கு வீடு கட்டலாம், வர்றீங்களா?

இன்டர்ன்ஷிப்னு சொன்னதும் பெரம்பலூர், அரியலூர் பசங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு சிமெண்ட் ஆலை, எறையூர் சர்க்கரை ஆலை, நாரணமங்கலம் டயர் ஃபேக்டரி. மிஞ்சினா சென்னையில ஒரு ஐடி கம்பெனி. கூண்டில் வாழும் குரங்குகளுக்கு இருப்பிடம் வடிவமைக்கவும் இன்டர்ன்ஷிப் உண்டுன்னு யாராவது சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

அந்தச் சிரிப்பு ஒரு பூங்காவில் நின்னு போச்சு. ஒரு குரங்கு கம்பியோரமா இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தது. அங்கே தலையை ஒரு சுத்து சுத்தித் திரும்பியது. மறுபடி அதே நடை, அதே சுத்து. "பாரு, டான்ஸ் ஆடுது"ன்னு பக்கத்துல ஒருத்தர் தன் குழந்தைக்குக் காட்டினார். நான் எண்ண ஆரம்பிச்சேன். நாற்பதைத் தாண்டினதும் எண்ண மனசு வரல.

அது டான்ஸ் இல்லை. இதற்கு ஸ்டீரியோடைப்பி என்று பெயர். எந்தப் பயனும் இல்லாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. இப்போதைய கூண்டோ, முன்பு இருந்த கூண்டோ அந்த விலங்குக்குப் பொருந்தவில்லை என்பதன் அடையாளம். நம்ம பாஷையில சொன்னா, டிசைன் ஃபெயிலியர். அதைச் சரிசெய்வதுதான் இந்த இன்டர்ன்ஷிப்பின் வேலை.

சதுர மீட்டர் மட்டும் போதாது

சிங்கவால் குரங்கை எடுத்துக்குவோம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்வது. நாளின் பெரும்பகுதியை மரத்தின் மேல்கிளைகளிலேயே கழிக்கும். இதற்கு அகலமான தரையை மட்டும் கொடுத்தா, நமக்கு ஹாஸ்டல் ரூமுக்குப் பதிலா நீளமான வராந்தா கொடுத்த மாதிரி. பரப்பளவைவிட இங்கே கன அளவு முக்கியம். எத்தனை உயரத்தில் எத்தனை பாதைகள், பலசாலிக் குரங்கு துரத்தினா மற்றது தப்பிக்க இன்னொரு வழி இருக்கா, வெயிலுக்கு ஒதுங்க நிழல் இருக்கா என்று பார்க்கணும்.

நம்ம ஊர்க்காரங்க கோவிச்சுக்கக் கூடாது: சிமெண்டில் செஞ்சு பெயின்ட் அடிச்ச மரம் நமக்குத்தான் மரம். அது ஆடாது, வளையாது, சித்திரை வெயிலில் கொதிக்கும். குரங்குக்கு ஆடுற கிளை வேணும்.

8 கிலோ குரங்கு, 88 கிலோ விசை

அந்த ஆடுற கிளைக்கு உலகம் முழுக்கப் பூங்காக்களில் பயன்படும் பொருள், பழைய தீயணைப்புக் குழாய். அதைப் பின்னி ஊஞ்சல், தொட்டில், பாலம் எல்லாம் செய்யலாம். வால்பாறையில் புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையில் வண்டியில் அடிபடாமல் மேலேயே கடந்து போக, இதே குழாயில் பாலம் கட்டியிருக்காங்க.

இப்ப ஒரு கணக்கு. 8 கிலோ குரங்கு 2 மீட்டர் கீழே இருக்கும் பாலத்தில் குதிக்குது. பாலம் 20 செ.மீ. தாழ்ந்து அதை நிறுத்துது. மொத்தம் 2.2 மீட்டர் இறக்கத்தின் ஆற்றலை 0.2 மீட்டருக்குள் வாங்கணும். சராசரி விசை எடையைப் போல 11 மடங்கு, அதாவது 88 கிலோ எடைக்குச் சமம். அதிலும் உச்ச விசை இன்னும் அதிகம். நாலு குரங்கு ஒண்ணா குதிச்சா? போல்ட் சைஸ், வெல்டிங், வருஷக்கணக்கில் வெயில் மழை தாங்கும் தன்மை எல்லாம் நம்ம பாடம்தானே! விரல் சிக்கும் சங்கிலிக் கண்ணி, கழுத்தில் சுற்றும் தொங்கு கயிறு இருக்கக் கூடாது என்பது மட்டும் பாடப் புத்தகத்தில் இருக்காது.

பத்து நிமிஷச் சாப்பாடு

காட்டில் குரங்குக்கு முழுநேர வேலையே சாப்பாடு தேடுறதுதான். பட்டையை உரிக்கணும், பூச்சி பிடிக்கணும், பழம் எங்கே பழுத்திருக்குன்னு தேடணும். கூண்டில் தட்டு வந்தா பத்து நிமிஷத்தில் முடிஞ்சது. மீதி நாள் முழுக்க என்ன செய்யும்? அதனால் உணவைத் தேட வைக்கிறாங்க. துளை போட்ட பிவிசி பைப்புக்குள் வேர்க்கடலை வெச்சு, குச்சியாலோ விரலாலோ நகர்த்தி எடுக்கிற மாதிரி செய்யலாம். செலவு குறைவு. ஆனா வாரம் ஒரு முறையாவது மாத்தணும். அது புதிரை நம்மளவிட வேகமா படிச்சிடும்.

யார் யாரைப் பார்க்கிறார்கள்?

இந்தியப் பூங்காக்களில் சிங்கவால் குரங்குகளைக் கவனித்து அவந்தி மல்லாபூர், அனிந்த்ய சின்ஹா, நடாலி வாரன் மூவரும் 2005ல் ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. பார்வையாளர்கள் இருக்கும்போது இயல்புக்கு மாறான நடத்தை அதிகமாச்சு என்பது அதில் தெரிந்தது. அதாவது நாமும் அந்தக் கூண்டின் ஒரு பாகம். கூட்டம் ஒரு பக்கம் மட்டும் நிற்கும்படி பாதை, நடுவில் செடித் தடுப்பு, குரங்கு நம்மைவிட உயரத்தில் உட்கார இடம், பிடிக்கலைன்னா ஒளிய ஒரு மறைவு என்று டிசைனில் நிறைய செய்யலாம்.

முதல் வேலை: சும்மா உட்காருவது

ட்ராயிங் போடுறதுக்கு முன்னாடி நோட்டோட உட்காரணும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு குரங்கும் எங்கே இருக்கு, என்ன செய்யுதுன்னு குறிக்கணும். இது ஸ்கேன் சாம்ப்ளிங். மாற்றம் செஞ்ச பிறகு மறுபடி அதே மாதிரி எடுத்து ஒப்பிடணும். நடை குறைஞ்சிருந்தா பாஸ். இல்லைன்னா, நம்ம கண்ணுக்கு எவ்வளவு அழகா இருந்தாலும் அரியர்தான். கேமரா வெச்சு இதைத் தானாக எண்ண வைப்பது சிஎஸ், ஈசிஇ மக்களுக்கு அருமையான ப்ராஜெக்ட்.

தினமும் கூண்டைக் கழுவுற பராமரிப்பாளர் அண்ணன்கிட்ட கேட்காம எதையும் வரையாதீங்க. தண்ணி எந்தப் பக்கம் தேங்கும், எந்தக் கதவு மாட்டிக்கும், எந்தக் குரங்குக்கு எது பயம்னு அவருக்குத்தான் தெரியும். இன்னொன்று: குரங்கைத் தூக்கிக் கொஞ்சி செல்ஃபி எடுக்கும் வேலை இல்லை இது. காசநோய் மாதிரி சில நோய்கள் நம்மிடமிருந்து அதற்கும், அதனிடமிருந்து நமக்கும் பரவும்.

எங்கே தொடங்கலாம்? 1855ல் சென்னையில் தொடங்கி 1985ல் வண்டலூருக்கு மாறிய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா நமக்கு வழியிலேயே இருக்கு. சிங்கவால் குரங்குகளும் அங்கே உண்டு. அடுத்த தடவை பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போய்க் கிளாம்பாக்கத்தில் இறங்கினா, வண்டலூர் பக்கம்தான். ஒரு மணி நேரம் நோட்டோட உட்காருங்க. எதையும் ஊட்டாதீங்க, கத்தாதீங்க. ரெண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீங்க குறிச்ச அந்த ஒரு தாளே, இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும் கடிதத்தோட இணைக்க நல்ல பயோடேட்டா.