பாட்டில் கண்ணகி நகர், பயோடேட்டாவில் தொரப்பாக்கம்

கண்ணகி நகரில் ஒரு பிளாக்கின் பக்கவாட்டுச் சுவர். தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரு பெரிய முகம் சிரிக்கிறது. தாடைக்குக் கீழே ஆணி அடித்துக் கயிறு கட்டி, ஸ்கூல் யூனிபார்ம் இரண்டும் ஒரு லுங்கியும் காய்கின்றன. படம் எடுக்கப் போனைத் தூக்கியதும் ஓர் அம்மா வேகமாக வந்தார். “இருப்பா, துணிய எடுத்துடுறேன். போட்டோ எடுக்க வர்றவங்க எல்லாம் அதத்தான் சொல்லுவாங்க.” வேண்டாம்மா என்று நான் சொல்வதற்குள் கயிற்றையே அவிழ்த்துவிட்டார்.

‘சமூக நீதி, கலை, அடையாளம்’ என்று தலைப்பைக் கையில் கொடுத்து, அட்டைக்கு ஒரு சுவரோவியமும் கேட்டிருந்தார் பத்திரிகை ஆசிரியர். தாம்பரம் கிழக்கில் பஸ் ஏறி, சேலையூர், மேடவாக்கம் தாண்டி, பெரும்பாக்கத்து எட்டு மாடி வரிசைகளை வேடிக்கை பார்த்தபடி சோழிங்கநல்லூரில் இறங்கி, ஓ.எம்.ஆரில் கண்ணகி நகருக்கு இன்னொரு பஸ் பிடித்தேன். 2020 தொடக்கத்தில் வெளிநாட்டு ஓவியர்களும் நம்மூர் ஓவியர்களும் வரைந்த சுவர்கள் இவை. சென்னையின் முதல் கலை வட்டாரம் என்று பெயர் வைத்தார்கள். போகும்போது நோட்டில் நான் எழுதிவைத்திருந்த கேள்விகளெல்லாம் வண்ணத்தைப் பற்றியவை. திரும்பும்போது பக்கம் பக்கமாக ஒரே விஷயம்தான் இருந்தது: அட்ரஸ்.

அதற்குக் காரணம் டீக்கடையில் கிடைத்த ஒரு பையன். வயது 22. சாவு வீடோ, மஞ்சள் நீராட்டோ, பிறந்தநாளோ, கூப்பிட்ட இடத்தில் கானா பாடுகிறான். யூடியூபில் அவன் பெயருக்கு முன்னால் இனிஷியல்போல ‘கண்ணகி நகர்’ நிற்கிறது. கானாக்காரர்களிடம் இது பழைய வழக்கம். வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று ஏரியாவைச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும். பாடேன் என்றேன். பெஞ்சில் விரல் முட்டியால் தாளம் போட்டுக்கொண்டு பாட்டியைப் பற்றிப் பாடினான். கூவம் ஓரத்தில் பூக்கட்டிப் பிழைத்தவரைத் தட்டுமுட்டுச் சாமானோடு லாரியில் ஏற்றி இங்கே இறக்கிவிட்ட கதை. அம்மிக்கல்லை விட்டுவிட்டு வந்த வரியை மட்டும் நாலு தடவை திருப்பிப் பாடினான். அவன் பிறந்தது இங்கேதான். அந்த லாரியை அவன் பார்த்ததே இல்லை.

பாடி முடித்துப் போனில் தன் பயோடேட்டாவைக் காட்டினான். முகவரியில் தெரு இல்லை, பிளாக் இல்லை. ‘தொரப்பாக்கம், சென்னை - 97’. அவ்வளவுதான்.

“பின்கோடு அதேதாண்ணா. பொய் கிடையாது.”

“பிறகென்ன?”

“இன்டர்வியூ நல்லாத்தான் போகும். தொரப்பாக்கத்துல எங்கன்னு கேப்பாங்க. சொல்லுவேன். சரி, கூப்பிடுறோம்பாங்க.”

இன்டர்வியூ நடக்கிற கண்ணாடிக் கட்டடங்கள் டீக்கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. சாதியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இந்த நகரத்தில் ஏரியாவைக் கேட்டுக்கொள்கிறார்கள் என்பது என் கணக்கு. நகரத்துக்குள்ளிருந்து அகற்றியவர்களை 2000 வாக்கில் இங்கே குடியமர்த்தத் தொடங்கி, கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேல் வீடுகள். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக்காரர்கள் பெரும்பாக்கம் வந்தார்கள். எங்கே கொண்டுபோய் இறக்கினாலும் அந்தக் கேள்வியும் கூடவே வந்து இறங்கியது. (எனக்குத் தாம்பரம். ஈஸ்ட்டா வெஸ்ட்டா என்பதற்கு மேல் என்னை யாரும் கேட்டதில்லை.)

சுவரில் படம் வந்த பிறகு வெளியாட்கள் பயமில்லாமல் உள்ளே வருகிறார்கள் என்று இங்கேயே சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதும் உண்மை.

கலைக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை. 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்து விழாவில் சபா சங்கீதம் கடற்கரை மணலுக்கு இறங்கி வந்தது. 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கீழ்ப்பாக்கம் மேடையில் கானா பாடியது. சாவு வீட்டுப் பாட்டு என்று முகம் சுளித்தவர்களும் கைதட்டினார்கள். ஆனால் அந்தக் கைதட்டல் எச்.ஆர். ரூம் வரை எட்டவில்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. துணைக் கேப்டன் கண்ணகி நகர்ப் பெண். ஒரு வாரம் டிவியில் ஊர்ப்பெயர் ஓடிக்கொண்டே இருந்தது.

“அந்த வாரம் மட்டும் கண்ணகி நகர்னே போட்டு நாலு எடத்துக்கு அனுப்புனேண்ணா” என்றான் பையன்.

“கூப்பிட்டாங்களா?”

“ரெண்டு எடத்துல கூப்பிட்டாங்க.” டீ கிளாஸைத் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்துப் பலகையில் கவிழ்த்தான். “அந்தக் கபடி பொண்ண உனக்குத் தெரியுமான்னு கேட்டாங்க.”